கங்கு இல்லாமல் சுடுவது எப்படி? மொட்டை மாடிக்கு ஏற்ற சிறிய கேஸ் கிரில்

மதுரையில் "கிரில்" என்று சொன்னால் பெரும்பாலானோருக்கு இரண்டு பொருள்தான் நினைவுக்கு வரும். ஒன்று, சன்னலுக்குப் போடும் இரும்புக் கம்பி. இன்னொன்று, சாயங்காலம் ஆனதும் பரோட்டாக் கடை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் கோத்துச் சுற்றிக்கொண்டிருக்கும் முழுக் கோழி. நான் இங்கே சொல்லப்போவது மூன்றாவது ஒன்றைப் பற்றி. ஊருக்கு எடுத்துப்போகும் சூட்கேஸ் அளவில் ஒரு பெட்டி. மேலே மூடி, நடுவே கம்பித்தட்டு, அடியில் ஒரே ஒரு பர்னர். மாடி போர்ஷனில் குடியிருப்பவர், மொட்டை மாடியில் ஒரு மூலை மட்டும் வாய்த்தவர், கரி மூட்டை வாங்கி அடுக்க இடமில்லாதவர் ஆகியோருக்கு ஏற்ற சிறிய கேஸ் கிரில்.

இதை முதன்முதலாக எங்கள் மாடியில் வைத்துப் பற்றவைத்த அன்று, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து அப்பத்தா வந்திருந்தார். குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "கங்கு ஒன்னையும் காணோமேய்யா, பெறகு எதுலய்யா சுடப்போற?" என்று கேட்டார்.

சரியான கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல்தான் அன்று கோழித் தொடையை மேலே கருகவிட்டு, உள்ளே எலும்போரம் சிவப்பாக வைத்துவிட்டேன். கேஸ் கிரில் வாங்கும் பலருக்கும் முதல் நாள் இப்படித்தான் போகிறது. கோளாறு கிரில்லில் இல்லை. அதை ஒரு கேஸ் அடுப்பு என்று நினைத்துக்கொள்வதில்தான் இருக்கிறது.

கங்கு எங்கே இருக்கிறது?

விறகடுப்பில் கத்திரிக்காயோ கருவாடோ சுட்டுப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கொழுந்துவிட்டு எரியும்போது வைத்தால் பொருள் கருகும், புகை பிடிக்கும். எரிந்து அடங்கிச் சிவந்த கங்காக ஆனபிறகு வைத்தால்தான் உள்வரை பதமாக வேகும். காரணம், கங்கு தன்னைச் சுற்றியுள்ள காற்றை மட்டும் சூடாக்குவதில்லை. வெயில் நம் முதுகில் சுடுவதுபோல, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை நேரே இறைச்சிமேல் வீசுகிறது. கதிர்வீச்சு வெப்பம் என்பது இதுதான்.

கேஸின் நீலச் சுடருக்கு இந்தக் குணம் மிகக் குறைவு. அது காற்றைக் கடுமையாகச் சூடாக்குமே தவிர, கங்குபோல அனலை வீசாது. அதனால்தான் கேஸ் கிரில்லில் பர்னருக்கு மேலே, கூரை ஓடு கவிழ்த்ததுபோல வளைந்த ஓர் உலோகத் தகடு இருக்கும். சுடர் அந்தத் தகட்டைச் சுடவைக்கிறது. தகடு பல நூறு டிகிரி ஏறிய பிறகு, அதுவே மேல்நோக்கி அனல் வீசத் தொடங்குகிறது. அந்தத் தகடுதான் கங்கு. சில சிறிய கிரில்களில் தனியாகத் தகடு இருக்காது. தடிமனான வார்ப்பிரும்புக் கம்பித்தட்டே அந்த வேலையையும் சேர்த்துச் செய்யும்.

இது புரிந்துவிட்டால் கேஸ் கிரில்லின் முதல் விதி தானே விளங்கிவிடும். பற்றவைத்ததும் இறைச்சியை வைக்கக் கூடாது. மூடியை மூடி, 10 முதல் 15 நிமிடம் வெறும் கிரில்லைச் சூடேற்ற வேண்டும். கரி அடுப்பில் கங்காகும் வரை காத்திருப்போம் இல்லையா, அதே காத்திருப்புத்தான் இது. சுடர் கண்ணுக்குத் தெரிவதால் இங்கே அவசரப்பட்டுவிடுகிறோம். அன்று அப்பத்தாவுக்கு எதிரில் நான் 2 நிமிடம்கூடப் பொறுக்கவில்லை.

சூடு ஏறியதா என்று கையால் பார்க்கலாம். கம்பித்தட்டுக்கு ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளங்கையைப் பிடியுங்கள். 2, 3 விநாடிக்கு மேல் தாங்கவில்லை என்றால் கடும் சூடு. 4, 5 விநாடி தாங்கினால் நடுத்தரம். அதற்கு மேலும் கையை வைத்திருக்க முடிந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

சுட்ட வாசம் எங்கிருந்து வருகிறது?

"கரியில் சுட்ட ருசி கேஸில் வருமா?" என்று கேட்காத ஆளில்லை. பாதி உண்மை உள்ள கேள்வி இது. நன்றாகச் சாம்பல் பூத்த கங்கிலிருந்து வரும் புகை குறைவு. சுட்ட கறியின் வாசத்தில் பெரும்பகுதி, கறியிலிருந்து சொட்டும் கொழுப்பும் சாறும் சுடச்சுட இருக்கும் ஒன்றின்மேல் விழுந்து, ஆவியாகி, திரும்ப மேலே எழுந்து கறியில் படிவதால் உண்டாகிறது. சொட்டு கங்கின்மேல் விழுந்தால் என்ன, பழுக்கக் காய்ந்த தகட்டின்மேல் விழுந்தால் என்ன, ஏறத்தாழ ஒரே காரியம்தான் நடக்கும். தகடு சூடாகாமல் இருந்தால் சொட்டு வழிந்து கீழ்த்தட்டுக்குப் போய்விடும். வாசமும் அதோடு போய்விடும்.

மீதி வாசம் கறியின் மேற்பரப்பில் பிறக்கிறது. புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பொன்னிறமாகி மணம் தரும் மாற்றத்தை 1912-இல் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விளக்கினார். அவர் பெயராலேயே அது மயார் வினை எனப்படுகிறது. ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் அது வேகம் பிடிக்கும். மேற்பரப்பு ஈரமாக இருக்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. முதலில் நீர் முழுதும் ஆவியாகியாக வேண்டும். அதுவரை கறி சுடப்படவில்லை, அவிகிறது.

கேஸில் இந்த ஈரத்துக்கு ஒரு கூடுதல் காரணமும் உண்டு. எல்.பி.ஜி. எரியும்போதே நீராவி உண்டாகிறது. 1 கிலோ கேஸ் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை கிலோ நீராவி. கரியில் இவ்வளவு ஈரம் கிடையாது. ஆகவே கேஸ் கிரில்லில் வைக்கும் எதையும் துணியால் ஒற்றி, மேற்பரப்பைக் காயவைத்து வைப்பது கரியைவிட அவசியம். மசாலா தடவி ஊறவைத்த கறியைச் சொட்டச் சொட்டத் தூக்கி வைக்காதீர்கள். வழிகிற மசாலாவைக் கையால் வழித்துவிட்டு வையுங்கள்.

நம் ஊர் மசாலாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாணலியில் எண்ணெயும் நீரும் மிளகாய்த்தூளைக் காப்பாற்றும். கிரில்லில் அதற்குக் காப்பு இல்லை. நேர் அனலில் மிளகாய்த்தூள் சீக்கிரம் கருகிக் கசக்கும், நெடி கிளம்பி மாடியில் இருப்பவர்களை எல்லாம் இருமவைக்கும். தூளைத் தயிரிலோ எண்ணெயிலோ குழைத்துத் தடவினால் தாக்குப்பிடிக்கும். சுக்காவுக்குப் போடுவதுபோலக் கொரகொரப்பாகப் பொடித்த மிளகைக் கடைசி 2 நிமிடத்தில் தூவினால் மணம் அப்படியே நிற்கும்.

எங்கே வைப்பது?

இந்தப் பகுதியில் ருசிக்கு இடமில்லை, உயிருக்குத்தான் இடம். கேஸ் கிரில் திறந்தவெளிக்கு உரியது. வீட்டுக்குள், ஷட்டர் போட்ட கார் ஷெட்டுக்குள், கண்ணாடி அடைத்த பால்கனியில் பயன்படுத்தவே கூடாது. காற்று போதாத இடத்தில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் திறந்த பால்கனிக்கும் நான் ஆதரவாளன் இல்லை. மேல்வீட்டுத் தளம் தலைக்குமேல் இருக்கிறது, பக்கத்தில் துணி காய்கிறது, தீ எழுந்தால் விலகி நிற்க இடமில்லை. சங்கத்தில் கேட்டுக்கொண்டு பொது மொட்டை மாடிக்குப் போய்விடுவது நல்லது.

மொட்டை மாடியிலும் இடம் பார்க்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. அதிலுள்ள புரோப்பேன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கும் பியூட்டேன் ஏறத்தாழ இரண்டு மடங்கும் கனம். கசிந்தால் மேலே போகாது. தண்ணீர்போலத் தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே சிலிண்டரை மாடிப்படியின் வாயருகிலோ மழைநீர் வடியும் குழாய் ஓரத்திலோ வைக்காதீர்கள். கசிந்த கேஸுக்கு அவை இரண்டும் கீழ்வீட்டுக்கு இறங்கும் வழி. நாலு பக்கமும் உயரமாகக் கைப்பிடிச் சுவர் எழுப்பிய மூலையைவிட, காற்றோட்டம் உள்ள இடம் மேல். சுவர், பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, ஓலைக் கொட்டகை எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 1 மீட்டர் தள்ளி வையுங்கள். கிரில்லோடு வரும் கையேடு அதிகம் கேட்டால் அதைக் கடைப்பிடியுங்கள்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். சிறிய கிரில்லின் சுடர் அந்தக் காற்றில் அணைந்துவிடும், கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். சுடர் அணைந்தால் தானாகவே கேஸை நிறுத்தும் பாதுகாப்பு வால்வு உள்ள கிரில்லாகப் பார்த்து வாங்குவதற்கு அதுவே போதுமான காரணம். காற்று பலமாக அடிக்கும் நாளில் அதுவும் போதாது. அன்றைக்குக் கறியைச் சுக்காவாக வறுத்துவிடுங்கள்.

இன்னொன்று அக்கம்பக்கம். சித்திரை, வைகாசியில் கீழ்வீட்டு அக்கா மாடியில் வடகம் காயப்போட்டிருப்பார். பக்கத்து வீட்டில் கறி தொடாதவர்கள் இருப்பார்கள். கொழுப்புப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று ஊதுபத்தி கொளுத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மனக்கசப்பு வராது.

வாங்கும்போது

கடைக்காரர் முதலில் சொல்லும் எண் பி.டி.யு.வாக இருக்கும். பர்னர் தரும் வெப்பத்தை அளக்கும் அலகு அது. மணிக்கு 10,000 பி.டி.யு. என்றால் ஏறத்தாழ 2.9 கிலோவாட். எண் பெரிதாக இருப்பதால் மட்டும் கிரில் நன்றாகச் சுடாது. அந்தச் சூடு எவ்வளவு பரப்பில் பரவுகிறது, மூடி எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது என்பதுதான் கணக்கு. மெல்லிய தகரத்தில் செய்த பெரிய கிரில்லைவிட, கனமான மூடியும் தடித்த கம்பித்தட்டும் உள்ள சிறிய கிரில் நன்றாகச் சுடும். தோசைக்கல் வாங்கும்போது தூக்கிப் பார்க்கிறோமே, அதே சோதனை இதற்கும் பொருந்தும்.

சிறிய கிரில்லுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். 2.9 கிலோவாட் பர்னர் முழு வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 230 கிராம் போலக் கேஸ் எடுக்கும். அப்படியானால் 5 கிலோவில் 20 மணி நேரத்துக்கு மேல் சுடலாம். வாரம் ஒரு ஞாயிறு என்றால் சில மாதம் ஓடும்.

வெளிநாட்டு கிரில்லை இணையத்தில் வாங்குகிறவர்கள் மூன்றைப் பார்க்க வேண்டும். அது எல்.பி.ஜி.க்கு உரியதா, இயற்கை எரிவாயுவுக்கு உரியதா? இயற்கை எரிவாயு கிரில்லில், பர்னருக்குக் கேஸை விடும் ஜெட் துளை பெரிது. அதில் எல்.பி.ஜி.யைக் கொடுத்தால் சுடர் அபாயமாக எழும். அடுத்தது அழுத்தம். நம் வீட்டு ரெகுலேட்டர் ஏறத்தாழ 30 மில்லிபாரில் கேஸ் தருகிறது, கிரில்லின் அடையாளத் தகட்டில் உள்ள எண் அதோடு பொருந்த வேண்டும். பரோட்டாக் கல்லுக்கும் டீக்கடை அடுப்புக்கும் மாட்டும் உயர் அழுத்த ரெகுலேட்டரைக் கொண்டுவந்து இதில் மாட்டவே கூடாது. மூன்றாவது, அரைக் கிலோவுக்கும் குறைவான, திருகிப் பொருத்தி வீசியெறியும் குப்பிகளுக்காகச் செய்த முகாம் கிரில்கள். அந்தக் குப்பி நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது. கிடைத்த சிலிண்டரை ஏதோ ஒரு இணைப்பு வைத்து மாட்டித் தருவதாக யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

டியூப் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும். நீளம் ஒன்றரை மீட்டருக்குள், கிரில்லின் சூடான அடிப்பாகத்தைத் தொடாதபடி போடுங்கள். மாட்டியதும் சோப்பு நுரையை எல்லா இணைப்பிலும் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. கசிவு நிற்கவில்லை என்றால் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, நாடெங்கும் உள்ள கேஸ் கசிவு உதவி எண்ணான 1906-ஐ அழையுங்கள். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி, நிழலில் வையுங்கள். மதுரை மே மாத வெயிலில் மொட்டை மாடித் தளத்தில் விட்டுவிட்டு இறங்கிவிடாதீர்கள்.

பற்றவைக்கும்போது மூடி திறந்திருக்க வேண்டும். மூடியபடி கேஸைத் திறந்தால் பெட்டிக்குள் கேஸ் நிரம்பி, பொறி பட்டதும் 'குப்'பென்று முகத்துக்கு எழும். 5 விநாடிக்குள் பற்றவில்லை என்றால் நிறுத்திவிட்டு, திறந்தபடியே 5 நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள்.

முதலில் எதைச் சுடுவது?

கோழியில் தொடங்காதீர்கள். கத்திரிக்காயில் தொடங்குங்கள். எண்ணெய் தடவி, கத்தியால் நாலு குத்துக் குத்தி, நேர் அனலில் புரட்டிப் புரட்டித் தோல் கருகும் வரை சுட்டு, தோலை உரித்துப் பிசைந்தால் சட்னிக்குத் தயார். தோல் கருகினாலும் ஒன்றும் கெடாது என்பதால், உங்கள் கிரில்லில் எந்த மூலை சூடு, எந்த மூலை மந்தம் என்று இழப்பில்லாமல் தெரிந்துகொள்ளலாம். ஒரே பர்னர் உள்ள எல்லா கிரில்லுக்கும் இப்படி ஒரு வரைபடம் உண்டு. அதைக் கையேட்டில் போடமாட்டார்கள். அடுத்து மக்காச்சோளக் கதிர், தோலோடு சின்ன வெங்காயம், வாழைக்காய்.

பிறகு கோழித் தொடை. இங்கேதான் மூடியின் பயன் தெரியும். மூடி திறந்திருந்தால் கீழிருந்து வரும் அனல் மட்டும்தான் வேலை செய்யும். மூடினால் பெட்டிக்குள் சூடான காற்று சுழன்று நாலு பக்கமும் வேகவைக்கும். தடித்த கறிக்கு இரண்டும் தேவை, ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக. முதலில் கடும் சூட்டில் பக்கத்துக்கு 4 நிமிடம் வைத்து நிறம் ஏற்றுங்கள். பிறகு பர்னரைக் குறைத்து, கம்பித்தட்டின்மேல் அலுமினியத் தாளை இரண்டாக மடித்துப் போட்டு, அதன்மேல் தொடைகளை அடுக்கி மூடிவிடுங்கள். தாள் நேர் அனலைத் தடுத்துவிடும், காற்றின் சூடு மட்டும் உள்ளே இறங்கும். தாள் கம்பித்தட்டு முழுவதையும் அடைக்காமல், சுற்றிலும் காற்று ஏற இடைவெளி இருக்கட்டும். இன்னும் 20, 25 நிமிடம் ஆகலாம். எத்தனை முறை மூடியைத் தூக்கிப் பார்க்கிறீர்களோ அத்தனை முறை சூடு வெளியேறி நேரம் கூடும். எலும்பை ஒட்டிய தடித்த இடத்தில் 74 டிகிரி வந்தால் வெந்துவிட்டது. நிறத்தை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். ஒரு குத்து வெப்பமானி வாங்கிவைத்துக்கொண்ட பிறகு, எங்கள் வீட்டில் எலும்போரம் சிவந்த கறி ஒருநாளும் தட்டுக்கு வந்ததில்லை.

இதெல்லாம் பிராய்லருக்கு. நாட்டுக்கோழியின் தசையில் இணைப்புத் திசு அதிகம். அது இளக ஈரமும் நீண்ட நேரமும் வேண்டும். நேரே கிரில்லில் வைத்தால் ரப்பர்போல இழுக்கும். குக்கரில் மஞ்சளும் உப்பும் போட்டு முக்கால் வேக்காடு எடுத்து, நன்றாகக் காயவைத்துப் பிறகு சுடலாம். முற்றின ஆட்டுக்கறிக்கும் இதே வழிதான். ஆட்டு ஈரல் அதற்கு நேரெதிர். சில நிமிடத்தில் வெந்துவிடும், மறந்தால் கட்டியாகிவிடும்.

மீன் கம்பியில் ஒட்டுகிறது என்பதே எல்லோரின் புலம்பல். கம்பி போதுமான சூடில்லாதபோதும், மீன் தோல் ஈரமாக இருக்கும்போதும்தான் அது ஒட்டும். விராலோ சங்கராவோ, நன்றாகத் துடைத்து, எண்ணெயைக் கம்பியில் தடவாமல் மீனின்மேல் தடவி, காய்ந்த கம்பியில் வைத்துவிட்டு நாலைந்து நிமிடம் தொடாதீர்கள். அடிப்பக்கம் முறுகியதும் தானாகவே கம்பியை விடும். விடாமல் பிடித்தால் இன்னும் ஆகவில்லை என்று பொருள். மத்தி போன்ற எண்ணெய் மீன் நிறையச் சொட்டும், தீ எழும். தீ எழுந்தால் தண்ணீர் தெளிக்காதீர்கள், கொதிக்கும் கொழுப்பு தெறித்து மேலே விழும். கறியைத் தள்ளிவைத்து, பர்னரை அணையுங்கள்.

கருவேலம் புகை வேண்டுமென்றால்

நம்மைச் சுற்றி இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கமெல்லாம் மூட்டம் போட்டு எடுக்கும் கரி, சீமைக் கருவேலத்தின் கரிதான். அந்த மரம் அமெரிக்காவின் டெக்சஸ் பக்கத்தில் கறிக்குப் புகைபோடப் பெயர்பெற்ற மெஸ்கீட் மரத்தின் இனம். நம் ஊரில் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று வெட்டித் தள்ளும் மரத்துக்கு, இன்னொரு கண்டத்தில் இப்படி ஒரு மரியாதை இருப்பதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. நன்கு காய்ந்த கருவேலஞ் சிராய் ஒரு கைப்பிடியை அலுமினியத் தாளில் பொட்டலம் கட்டி, நாலைந்து துளை போட்டு, தகட்டின் ஓரமாக வையுங்கள். புகை கிளம்பியதும் கறியை வைத்து மூடிவிடலாம். பெயின்ட் பட்ட கட்டை, ஒட்டுப்பலகைத் துண்டு எதையும் போடக் கூடாது. சிறிய பெட்டி என்பதால் ஒரு கைப்பிடிக்கு மேல் போட்டால் கறி கசக்கும்.

அப்பத்தா அடுத்த முறை வந்தபோது இப்படித்தான் புகைபோட்டு விராலைச் சுட்டேன். "கங்கு வாசம் வருதேய்யா, எங்கய்யா வச்சிருக்க?" என்றார். மூடியைத் திறந்து தகட்டைக் காட்டினேன்.

சுட்டு முடித்த பிறகு

அணைப்பதற்கு முன் மூடியை மூடி 10 நிமிடம் முழுச் சூட்டில் விட்டால் ஒட்டியதெல்லாம் பொரிந்து சாம்பலாகும். பிறகு தேய்க்கத் தேங்காய் நாரே போதும். எஃகுக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் கம்பி முறிந்து தட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை சாப்பாட்டோடு தொண்டைக்குள் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வார்ப்பிரும்புத் தட்டு என்றால் தோசைக்கல்லைப் பழக்குவதுபோலவே, சூடு இருக்கும்போதே மெல்லிதாக எண்ணெய் பூசிவிடுங்கள்.

கீழே கொழுப்புச் சேரும் தட்டை அன்றன்றே காலிசெய்யுங்கள். தேங்கிய கொழுப்பு அடுத்த முறை பற்றிக்கொள்ளும். அதற்குமுன் எலியும் எறும்பும் வந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் உறைபோட்டு மூடிவைத்த கிரில்லை, தை மாதம் எடுத்ததும் நேரே பற்றவைக்காதீர்கள். பர்னர்க் குழாயின் வாய்க்குள் சிலந்தி வலை பின்னியிருக்கும், குளவி மண்கூடு கட்டியிருக்கும். குழாயில் அடைப்பு இருந்தால் காற்றும் கேஸும் சரியாகக் கலக்காது. சுடர் மஞ்சளாகிக் கரி படியும், சில நேரம் பின்பக்கமாகத் தீ வரும். சிலிண்டரைக் கழற்றிவிட்டு, பர்னரை வெளியே எடுத்து, குழாய் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் மெல்லிய பாட்டில் பிரஷ்ஷை உள்ளே விட்டுத் துடைத்தெடுங்கள். மறுபடி மாட்டி, சோப்பு நுரை வைத்துப் பார்த்து, மூடியைத் திறந்துவைத்துப் பற்றவையுங்கள். சுடர் நுனிவரை நீலமாக நின்றால் மூடியை மூடி, 15 நிமிடம் காயவிடுங்கள்.